காலி வண்டியின் குதிரைமணி

காலை பத்தே கால் மணிக்குச் செய்தி வந்தபோது பொக்சிம் கத்தி அடித்துக்கொண்டிருந்தாள். நல்ல கத்தி அல்ல. உடைவதற்கென்றே அடிக்கும் மலிவுக் கத்தி. யாருக்கோ மார்க்கவசம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அதில் கை வைப்பதற்கு முன் இரண்டு மூன்று கத்தியாவது அவள் கையில் நொறுங்கியாக வேண்டும். பெரிய வேலைக்கு முன்னால் கெட்ட நேரத்தைச் சின்னப் பொருளில் கழித்துவிடுவது 'இரும்பாறு' என்ற கணினி விளையாட்டில் எல்லாக் கொல்லர்களுக்கும் வழக்கம். மற்றவர்கள் ஒன்று உடைந்ததும் போதும் என்று கவசத்துக்குத் தாவிவிடுவார்கள். பொக்சிம் தாவமாட்டாள். தனக்குத் திருப்தியாகும்வரை அடிப்பாள்.

குன்சான் நகரச் சந்தைக் கட்டடத்தின் மாடியில் ஹ்வாங்போ நடத்தும் பிசி பாங்கில் ஜன்னலோர இருக்கை அவளுடையது. காலை நேரத்தில் அந்தக் கணினிக் கூடத்தில் ஆள் இருக்காது. இரவெல்லாம் விளையாடிய ஓரிருவர் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, சட்டையால் முகத்தை மூடித் தூங்குவார்கள். ஹ்வாங்போ அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பான். கீழ்த்தளத்தில் அவளுக்குத் துணி திருத்தும் கடை. கால்சட்டை நுனியை மடித்துத் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. அங்கே ஆள் நடமாட்டம் தொடங்குவது பதினொன்றுக்கு மேல்தான். அதுவரை மாடியில் இருப்பாள். சொந்தப் பிளாஸ்கில் பார்லித் தேநீர் கொண்டுவருவாள். ஹ்வாங்போவிடம் வாங்குவது ஓர் அவித்த முட்டை. அதையும் பாதி சாப்பிட்டுவிட்டு மறந்துவிடுவாள்.

தையல்காரர்கள் போடும் உலோக விரலுறை அவள் நடுவிரலை விட்டு இறங்காது. சம்மட்டியை இறக்குவதற்கு ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். அதை அந்த விரலுறையால்தான் தட்டுவாள். டிக், டிக் என்று அந்த வரிசை முழுக்கக் கேட்கும்.

"அக்கா, இங்க பாருங்க, குழி விழுந்துருச்சு. இது மூணாவது கீபோர்டு" என்பான் ஹ்வாங்போ.

"பழகிருச்சு தம்பி. கழட்டுனா விரல் துணியில்லாம நிக்கற மாதிரி இருக்கு."

அதைக் கழற்றும் சமயம் ஒன்று உண்டு. பெரிய பொருளின் கடைசி அடி. அப்போது விரலுறையைக் கழற்றித் திரைக்குக் கீழே கவிழ்த்து வைப்பாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நிற்பாள். வெறும் விரலால் ஒரே ஒரு தட்டு. என்ன வந்தாலும் முகம் மாறாது. "சரி" என்று மட்டும் சொல்வாள். உடைந்தாலும் அதே "சரி"தான்.

விளையாட்டுக்குள் அவள் பெயர் 'கோணல் ஊசி'. உருவம், தாடி வைத்து, பீப்பாய் மாதிரி மார்போடு நிற்கும் ஒரு கொல்லன். புதிதாக வருகிறவர்கள் "அண்ணே" என்று கூப்பிட்டு, நாலு நாள் கழித்து அசடு வழிவார்கள். அவள் இதுவரை ஊர்வாசலைத் தாண்டியதில்லை. ஒரே ஒரு முறை தாண்டினாள், ஓநாய் கடித்தது, திரும்பிவிட்டாள். மற்றவர்கள் மலைக்கும் குகைக்கும் போய்ச் சண்டையிட்டுக் கொண்டுவரும் இரும்பையும் செம்பையும் பொருளாக்கிக் கொடுப்பதே அவள் ஆட்டம்.

அந்த வேலையில் தேர்ச்சி ஏற ஏறத்தான் வாய்ப்பு ஏறும். புதியவன் அடித்தால் பாதிக்கு மேல் தூளாகிவிடும். தேறியவன் அடித்தால் பெரும்பாலும் முழுதாக வரும். எப்போதாவது ஒன்று, ஓரங்களில் ஒளி விட்டுக்கொண்டு, மற்றவற்றைவிட மேலான பொருளாக வந்து விழும். எல்லாரும் காத்திருப்பது அதற்குத்தான். ஆனால் தேர்ச்சி சும்மா ஏறாது. கைக்கு அடங்கிய வேலையை எத்தனை முறை செய்தாலும் ஒன்றும் ஏறாது. தகுதிக்கு மிஞ்சியதை எடுத்து, அடித்து, உடைத்து, மறுபடி அடித்தால் ஒரு துளி ஏறும். முக்கால்வாசிப் பேர் நடுவழியில் சலித்து விட்டுவிடுவார்கள். பொக்சிம் பதினோரு வருடமாக உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்குக் கோபம் வரும். ஆர்டருக்குச் செய்து முடித்த பொருள் கொல்லனின் பட்டறைக்கல் மீதே இருக்கும். ஆர்டர் கொடுத்தவர் 'பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் அது அவர் பைக்குப் போகும். அதுவரை அந்தக் கல்லில் வேறு எதையும் அடிக்க முடியாது. சிலர் அழுத்தாமல் பேசிக்கொண்டே நிற்பார்கள். "எடுத்துட்டுக் கிளம்புங்கய்யா. கல்ல அடைக்காதீங்க" என்று உடனே எழுதுவாள். கீழே கடையிலும் இதே கதைதான். தைத்து முடித்த கால்சட்டை மறுநாளும் கொக்கியில் தொங்கினால் போன் போட்டு, "வீட்ல கால்சட்டை இல்லாமலா இருக்கீங்க?" என்று கேட்பாள்.

அன்றைக்கு முதல் கத்தி உடைந்திருந்தது. இரண்டாவதை அடித்துக்கொண்டிருந்தபோது, கொல்லர் தெரு முனையில் குதிரையோடு 'காலி வண்டி' வந்து நின்றார். அவர்களுடைய சங்கத்தின் தலைவர். சங்கத்துக்கு 'அரைத்தூக்கக் கரடிகள்' என்று பெயர். நாட்டின் பல மூலைகளில் இருக்கும் ஆட்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"அண்ணே, என்ன இன்னிக்கு லேட்டு? சவாரி ஜாஸ்தியா?" என்று எழுதினான் 'கருகிய சோறு'. அவன் உல்சானில் கப்பல் பட்டறையில் இரவு வேலை பார்ப்பவன்.

"தலைவரு தூங்கிட்டாரு. கரடின்னா அப்படித்தான் இருக்கணும்" என்றாள் 'பேராசிரியர்'. அவளுக்கும் பாடப்புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. தேஜோனில் கோழி வறுத்து விற்கிறாள்.

குதிரை மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பிறகு ஒரு நீளமான செய்தி வந்தது.

"வணக்கம். நான் மா தோக்சுவோட மக. அப்பா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க. வண்டிய ஓரமா நிறுத்திட்டு சீட்லயே சாஞ்சிட்டாங்க. போன்ல இருக்கறவங்க எல்லாருக்கும் சொல்லிட்டோம். உங்க நம்பர் எதுவும் அதுல இல்ல. தினமும் காலைல அப்பா இதைத்தான் திறப்பாங்க. அதான் திறந்தேன். தப்பா இருந்தா மன்னிக்கணும்."

பொக்சிமின் விரலுறை ஏற்கெனவே விசையில் இறங்கிவிட்டிருந்தது. கத்தி முழுதாக வந்து கல்லின் மேல் விழுந்தது.

அவள் இரண்டு விரலால் தட்டச்சு செய்பவள். மெதுவாக எழுதினாள். "எந்த ஆஸ்பத்திரிம்மா? இறுதிச்சடங்குக் கூடத்துல எந்த அறை?"

பிறகு எழுந்து, முட்டையை அப்படியே வைத்துவிட்டு, கீழே போய்க் கடையைத் திறந்தாள்.

தோக்சு குவாங்ஜூவில் டாக்சி ஓட்டியவர். ஆள் இல்லாத டாக்சியின் கண்ணாடியில் எரியும் சிவப்பு எழுத்தைத்தான் விளையாட்டில் தன் பெயராக வைத்துக்கொண்டார். தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அரைமணி நேரம் இரும்பாற்றுக்குள் வருவார். சங்கத்து ஆட்களை ஒவ்வொருவராக நலம் விசாரித்துவிட்டு, குதிரையை நேராகக் கொல்லர் தெருவுக்கு விடுவார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. வாளும் இல்லை, கவசமும் இல்லை. குதிரைக் கழுத்துக்கு ஒரு மணி.

"எதுக்கு அண்ணே? அதுல ஒரு பலமும் கிடையாதே" என்று பொக்சிம் ஒருநாள் கேட்டாள்.

"வண்டில ஹாரன் அடிச்சா திட்டறானுங்க ஊசி. முன்னாடி போறவன் திட்டறான், பின்னாடி உக்காந்திருக்கறவனும் திட்டறான். இங்கயாவது நாலு தெரு கேக்கற மாதிரி சத்தம் போட்டுக்கிட்டுப் போறேனே."

மணிக்கு இடிச்செம்பு வேண்டும். விளையாட்டில் மழை பெய்யும் நாளில், சங்கமே திரண்டு போய் மலையெருதை வீழ்த்தினால், எப்போதாவது ஒரு கட்டி கிடைக்கும். ஒரு குளிர்காலம் முழுக்கக் கரடிகள் அந்த எருதின் பின்னால் அலைந்தார்கள். சேர்ந்தது ஒரு மணிக்கு மட்டும் போதுமான செம்பு. அடி சரியில்லை என்றால் அத்தனையும் தூள். சரியாக வந்தால் சாதா மணி, 'டொங்' என்று ஒலிக்கும். மேலான பொருளாக வந்தால் அதன் பெயர் நாதமணி. ஊர்வாசல்வரை கணீரென்று கேட்கும். எந்த மணியானாலும் அடித்தவர் பெயர் அதன் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும்.

செம்பைப் பொக்சிமிடம் ஒப்படைத்த நாளிலிருந்து தினமும் ஒரே பேச்சுதான்.

"அடிச்சிரு ஊசி."

"இருங்க அண்ணே. ஆசான் நிலை வரட்டும். இப்ப அடிச்சா நாதமணிக்குப் பத்துல ரெண்டுதான். ஆசான் ஆயிட்டா பத்துல நாலு."

"நாலுன்னாலும் ஆறு போகுதேம்மா."

"ரெண்டுன்னா எட்டு போகுது."

"எனக்கு டொங்குன்னு இருந்தாலே போதும்."

"உங்களுக்குப் போதும். பேரு என் பேருல்ல போட்டிருக்கும்?"

அவர் சிரிப்பார். அதாவது சிரிப்பதற்கான எழுத்தை வரிசையாகத் தட்டுவார். பிறகு, "சரி, சவாரி கூப்பிடுது" என்று எழுதிவிட்டுத் தெருமுனையிலேயே குதிரையோடு மறைந்துபோவார். மறுநாள் அதே முனையில் தோன்றுவார்.

குன்சானிலிருந்து குவாங்ஜூவுக்குப் பேருந்தில் போனாள். அடக்கத்துக்கு முந்தைய நாள் அது. அறைவாசலில் வெள்ளைச் சாமந்தி வளையங்கள் ஆளுயரத்துக்கு நின்றன. டாக்சி ஓட்டுநர் சங்கம், ஆரம்பப்பள்ளி வகுப்புத் தோழர்கள், மைத்துனரின் கம்பெனி. கடைசியில் ஒரு வளையத்தின் நாடாவில், கறுப்பு மையில், பெரிய எழுத்தில்: 'ஆழ்ந்த இரங்கல். அரைத்தூக்கக் கரடிகள்.' கருகிய சோறு சொல்லி அனுப்பியிருந்தான். துக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார்.

படத்தில் தோக்சு நரைத்த புருவமும் சற்றே பெரிய காதுகளுமாக இருந்தார். இப்படித்தான் இருப்பார் என்று பொக்சிம் எந்த முகத்தையும் நினைத்து வைத்திருக்கவில்லை. அதனால் ஏமாற்றமும் இல்லை. இரண்டு முறை விழுந்து வணங்கிவிட்டு, மகள் பக்கம் திரும்பினாள்.

மகள் பெயர் செரின். முப்பதைத் தொடாத பெண், அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நீங்க அப்பாவுக்கு...?"

பொக்சிம் அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோணல் ஊசி" என்றாள்.

செரின் ஒரு கணம் விழித்தாள். பிறகு அந்தக் கறுப்பு உடையிலேயே, அத்தனை பேர் நடுவிலேயே, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்களா? தாடிக்காரர்னு நினைச்சேன். அப்பா எப்பவும் சொல்வாங்க, ஊசின்னு ஒரு தங்கச்சி இருக்கா, என் மணி அவகிட்ட இருக்குன்னு. அம்மா அது நிஜ மணின்னு நினைச்சு, எதுக்கு நமக்கு மணின்னு சண்டை கூடப் போட்டாங்க."

விருந்தினருக்கு வைக்கும் காரமான மாட்டிறைச்சிச் சூப்பை இருவருக்கும் நடுவில் யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். பொக்சிம் ஒரு வாய் எடுத்தாள். பிறகு கரண்டியை வைத்தாள்.

"இன்னும் அடிக்கலம்மா."

"அடிச்சா, அப்பா குதிரைக்குக் கட்ட முடியுமா?"

"அடிச்சாலே தெருவுக்கே கேக்கும். கல்லு மேலயே தட்டிப் பாக்கலாம். ஆனா ஆர்டர் கொடுத்தவங்க கூட நிக்கணும். அண்ணன் பேர்ல நீ வரணும்."

"மாசக் கடைசில அம்மா அப்பாவோட போன் நம்பர நிறுத்தப் போறாங்க" என்றாள் செரின். "அந்த நம்பருக்குக் குறியீடு வந்தாத்தான் இதுக்குள்ள போக முடியுது. அதுக்கப்புறம் என்னால வர முடியாது."

"அதுக்குள்ள முடிச்சிரலாம்" என்றாள் பொக்சிம். பேருந்தில் திரும்பும்போதுதான் எதைச் சொல்லிவிட்டு வந்தோம் என்று யோசித்தாள். ஆசான் நிலைக்கு இன்னும் எவ்வளவோ பாக்கி இருந்தது. அவள் வழக்கமான வேகத்தில் போனால் கோடை வந்துவிடும்.

அந்த மாதம் ஹ்வாங்போ அவளை மூன்று வேளையும் பார்த்தான். காலையில் வந்தாள், மதியம் கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள், சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும்போதும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். ஆசான் நிலைக்குக் கொம்புத் தலைக்கவசம் அடிக்க வேண்டும். அது பெரும்பாலும் உடையும். ஒவ்வொன்றும் மலை மலையாக இரும்பு கேட்கும். கரடிகள் தங்கள் ஆட்டத்தையெல்லாம் நிறுத்திவிட்டுச் சுரங்கத்துக்குப் போனார்கள்.

"அக்கா, இந்தாங்க, இன்னும் ஒரு மூட்டை. கை வலிக்குது" என்பான் கருகிய சோறு.

"மௌஸ் பிடிக்கறதுக்கா கை வலிக்குது?"

"கப்பல்லயும் இரும்பு, இங்கயும் இரும்பு. என் பொண்டாட்டி கேக்கறா, உனக்கு வேற உலோகமே தெரியாதான்னு."

"நான் கோழிய எண்ணெய்ல போட்டுட்டு வந்துட்டேன்" என்றாள் பேராசிரியர். "கருகுனா உங்க பேருக்கு அனுப்பிடறேன்."

"அனுப்பு. பேருக்குப் பொருத்தமா இருக்கும்."

கவசங்கள் உடைந்தன. பொக்சிம் "சரி" என்றாள். மறுபடி உடைந்தன. மறுபடி "சரி." விரலுறையின் டிக் டிக் சத்தத்துக்குப் பக்கத்து இருக்கைகளில் யாரும் உட்காரவில்லை. கீழே கடையில் ஒருவரின் கால்சட்டையை இரண்டு கால்களிலும் இரண்டு அளவில் மடித்துத் தைத்து, முதல் முறையாகத் திட்டு வாங்கினாள். அதைப் பிரித்துத் தைத்துக்கொண்டே, எதிரே நின்றவரிடம், "ஒரு காலு சரி, இன்னொரு காலுக்குக் கொஞ்சம் பொறுங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

மாதக் கடைசிக்கு முந்தைய நாள், ஒரு கொம்புத் தலைக்கவசம் தூளாகிய நேரத்தில், தாடிக் கொல்லனின் தலைக்கு மேல் இருந்த சம்மட்டிச் சின்னம் பொன்னிறமாக மாறியது. ஆசான். உடைந்த கவசத்தில்தான் அந்தக் கடைசித் துளி ஏறியது. ஹ்வாங்போ இரண்டு முட்டை உடைத்துப் போட்ட ராம்யோன் நூடுல்ஸ் கிண்ணத்தை எடுத்துவந்து கேட்காமலே அவள் முன் வைத்தான்.

மறுநாள் காலை கொல்லர் தெரு முழுக்கக் கரடிகள். வழக்கப்படி எல்லாரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். பெரிய அடி விழும்போது நிற்கக் கூடாது என்பது யார் ஏற்படுத்திய விதி என்று தெரியாது. நின்றிருந்தது குதிரை மட்டும்தான். அதன் மேல் காலி வண்டி. உள்ளே செரின்.

"அத்தை, நான் வந்துட்டேன். அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. மதியம் போன் கடைக்குப் போகணும்."

அத்தை என்று அவள் எழுதியதைப் பொக்சிம் ஒரு தடவை பார்த்தாள். "இரும்மா. மொதல்ல கத்திய உடைச்சிட்டு வந்துடறேன்" என்று எழுதினாள்.

கத்தி அடித்தாள். முழுதாக வந்தது. இன்னொன்று. முழுதாக வந்தது. இன்னொன்று, இன்னொன்று. பளபளவென்று கத்திகள் கல்லில் குவிந்தன. டிக் டிக் என்று விரலுறை வேகம் பிடித்தது. ஒன்றும் உடையவில்லை.

பேராசிரியருக்குத்தான் முதலில் உறைத்தது.

"ஊசி அக்கா. நீங்க இப்ப ஆசான்."

"அதுக்கென்ன?"

"ஆசான் கைல கத்தி உடையாது அக்கா. வாய்ப்பு முழுசா நூறு ஆயிருச்சு. நீங்க இனிமே தலைகீழா நின்னு அடிச்சாலும் உடையாது."

ஒரு மாதமாக அத்தனை பேரும் வாய்ப்பைக் கூட்டிக் கூட்டி, கெட்ட நேரம் போகும் வழியையே அடைத்துவிட்டிருந்தார்கள். இது முன்பே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உடையற மாதிரி ஏதாவது அடிங்க. கொம்புக் கவசம்."

"இரும்பு எங்க இருக்கு? நேத்தோட தீந்துருச்சு. கத்திக்குத்தான் சில்லறை இருக்கு."

"நான் உடைக்கறேன் அக்கா" என்றான் கருகிய சோறு. "எனக்குச் சட்டி கூட ஒழுங்கா வராது."

"நீ உடைச்சா உன் கெட்ட நேரம்தான் போகும். அடிக்கறவ உடைக்கணும், இல்லன்னா பொருளுக்கு உடையவரு உடைக்கணும்" என்று எழுதினாள் பொக்சிம்.

விரலுறையைச் சுழற்றிக்கொண்டே திரையைப் பார்த்தாள். வெறும் நம்பிக்கைதான். எண்களுக்கும் கத்திக்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவளால் அப்படியே மணியில் கைவைக்க முடியவில்லை.

"பொருளுக்கு உடையவருன்னா அப்பாவா?" என்று கேட்டாள் செரின். "அப்ப நான் அடிக்கட்டுமா?"

தோக்சு ஆயுசில் சம்மட்டியைத் தொட்டதில்லை. தேர்ச்சி வெறும் பூஜ்யம். காலி வண்டி முதல் முறையாகக் குதிரையை விட்டு இறங்கி, பட்டறைக்கல் முன்னால் வந்து நின்றார். எந்த விசை என்று பேராசிரியர் சொல்லிக்கொடுத்தாள். சம்மட்டி தாறுமாறாக ஏறி இறங்கியது. கத்தி சில்லுச் சில்லாகச் சிதறியது.

"ஐயோ! உடைஞ்சிருச்சு. மன்னிச்சிருங்க. வேற இருக்கா?"

"உடைஞ்சிருச்சு!" என்று தெரு முழுக்க எழுந்து குதித்தது. "உடைச்சிட்டாரு! அண்ணன் உடைச்சிட்டாரு!"

"அடிம்மா, இன்னொண்ணு."

இரண்டாவதும் சிதறியது. மூன்றாவது சிதறும்போது காலி வண்டியின் தலைக்கு மேல் சிறிதாக ஒரு வெளிச்சம் சுற்றியது. 'புதிய தேர்ச்சி: கொல்லர் வேலை, முதல் நிலை.' யாருக்குத் தேர்ச்சி ஏறினாலும் வாழ்த்துச் சொல்வது சங்கத்தில் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். யோசிக்காமல் எல்லாருடைய விரலும் தட்டிவிட்டது. "வாழ்த்துகள் அண்ணே." "வாழ்த்துகள் தலைவரே." "வாழ்த்துகள்." வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏறின. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். மெதுவாக மறுபடி தரையில் உட்கார்ந்தார்கள்.

பொக்சிம் விரலுறையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்றாள். அடுப்படியிலிருந்து ஹ்வாங்போ, கையில் துணியோடு, எட்டிப் பார்த்தபடி நின்றான். இடிச்செம்பைக் கல்லில் இறக்கினாள். வாய்ப்பு எண்களை ஒரு முறை பார்த்தாள். பத்தில் நாலு, அவள் சொன்னபடியே. வெறும் விரலால் தட்டினாள்.

ஒளி எதுவும் வரவில்லை. தூளாகவும் இல்லை. மங்கலான செம்பு நிறத்தில் ஒரு சாதா மணி கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. விளிம்பில் 'கோணல் ஊசி' என்று பொடி எழுத்து.

"சரி" என்றாள்.

தட்டிப் பார்க்கும் பொத்தானை அழுத்தினாள். 'டொங்.'

கருகிய சோறு எழுதினான். "தெருவுல தோஃபு விக்கறவன் அடிக்கற மணி மாதிரி இருக்கு."

"நான் பாத்திரத்த எடுத்துட்டு வாசலுக்கு ஓடப் பாத்தேன்" என்றாள் பேராசிரியர்.

"இதேதான் அப்பா கேட்டது" என்று எழுதினாள் செரின். "அம்மாவும் கேட்டாங்க. இன்னொரு தடவை அடிக்க முடியுமா அத்தை?"

பொக்சிம் இன்னொரு தடவை அடித்தாள். அதற்குப் பிறகும் ஒரு தடவை, யாரும் கேட்காமலே.

"அம்மா செருப்பு போட்டுட்டாங்க. நான் கிளம்பணும்" என்றாள் செரின். "இங்க நான் இன்னும் ஏதாவது செய்யணுமா?"

அவள் திரையின் வலது மூலையில் 'பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தான் மினுங்கிக்கொண்டிருந்திருக்கும். புதியவர்கள் கண்ணில் அது படாது. அழுத்தினால் மணி காலி வண்டியின் பைக்குப் போகும். மதியத்துக்கு மேல் அந்தப் பையை யாராலும் திறக்க முடியாது. தெருவில் உட்கார்ந்திருந்த அத்தனை கரடிகளுக்கும் இது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பொக்சிம் 'வலது மூலைல ஒரு' என்றுவரை தட்டினாள். நிறுத்தினாள். பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. அவ்வளவுதான். சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல அத்தை."

"போயி மொதல்ல சாப்பிடு."

காலி வண்டி குதிரையில் ஏறி, தெருமுனைவரை போய், அங்கேயே மறைந்தார். பொக்சிம் விரலுறையை மாட்டிக்கொண்டு கடையைத் திறக்கக் கீழே இறங்கினாள்.

இப்போதும் காலையில் வருகிறாள். பாதி முட்டை சாப்பிடுகிறாள். ஆனால் வேலையெல்லாம் ஊர்க்கிணற்றடியில் இருக்கும் பொதுக் கல்லில்தான். சொந்தக் கல் தரும் கூடுதல் வாய்ப்பு அங்கே கிடையாது. மேலான பொருள் குறைவாகத்தான் வருகிறது. புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள், "ஆசானே, தெருவுல உங்க சொந்தக் கல்லு சும்மாதான கிடக்கு, அதுல அடிச்சுத் தரலாம்ல?"

"அதுல ஒரு வேலை நிக்குது" என்கிறாள்.

கொல்லர் தெருவில் அவள் கல்லின் மேல் ஒரு செம்பு மணி இருக்கிறது. அதன் கீழே இரண்டு வரி: 'ஆர்டர் கொடுத்தவர்: காலி வண்டி. இன்னும் பெற்றுக்கொள்ளவில்லை.'